கணக்கெழுதாத நாள்: நிறை குறைப்பின் நடுவே ஓர் ஓய்வு உடலில் என்ன செய்கிறது?

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டில் குளியலறை வாசலருகே ஒரு நிறைத் தராசு கிடக்கிறது. அதற்கு நேர் மேலே தொங்கும் நாட்காட்டியில், ஒவ்வொரு நாளுக்குரிய கட்டத்திலும் காலை நிறையையும் முன்தினம் உட்கொண்ட கலோரியையும் நான் பென்சிலால் குறித்து வருகிறேன். சென்ற ஆண்டு பௌத்தர்களின் வெசாக் பண்டிகையன்று காலையில் அங்கே 74.2 என்று எழுதியிருந்தேன். வெசாக் நாளுக்குரிய கலோரி எண் எழுதப்படவே இல்லை. அன்று மாலை உறவினர்களோடு வெளிச்சக் கூடுகளைப் பார்க்கப் போன வழியில், ஒரு தன்சலில் (போவோர் வருவோருக்கு இலவசமாக உணவு வழங்கும் பந்தலில்) அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும், இன்னொன்றில் சோறும் பருப்பும், மூன்றாவதில் ஐஸ்கிரீமும் கிடைத்தன. வரிசையில் நின்று கையேந்தி வாங்கும் சோற்றை எந்தச் செயலியில் எப்படிப் பதிவது? மறுநாள் காலை தராசு 75.6 காட்டியது.

ஒரே இரவில் 1.4 கிலோகிராம் ஏறிவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அது கொழுப்பாக இருக்க வழியில்லை என்பதை ஒரு பெருக்கற் கணக்கே காட்டிவிடும். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிக்கப்பட்டிருக்கிறது. (நாம் பேச்சு வழக்கில் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி, அதாவது ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்தத் தேவையான சக்தி.) ஆகவே 1.4 கிலோகிராம் கொழுப்பைச் சேர்க்க வேண்டுமானால், உடல் அன்றாடம் செலவிடும் சக்திக்கு மேலதிகமாக 10,700 கலோரிக்கும் கூடுதலாக ஒரே நாளில் உண்டிருக்க வேண்டும். துருவிய தேங்காய்ப்பூவாகச் சொன்னால் அது மூன்று கிலோகிராம். எந்தத் தன்சலிலும் அவ்வளவு போட மாட்டார்கள்.

அப்படியானால் தராசில் ஏறியது என்ன? பெரும்பகுதி நீர். நாம் உண்ணும் காபோவைதரேற்றில் (மாச்சத்தில்) ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாக மாற்றி ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. நிறைவான நிலையில் ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இருக்கும். இந்தக் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. நாட்கணக்கில் குறைத்து உண்பவரின் சேமிப்பு எப்போதும் சற்று வறண்டே இருப்பதால், வயிறு நிறையச் சோறு உண்ட அன்று அது அவசரமாக நிரம்புகிறது. 200 கிராம் கிளைக்கோஜன் திரும்பினாலே 600 கிராம் நீரும் சேர்ந்து, 800 கிராம் நிறை கூடிவிடும். அடுத்தது உப்பு. உடலின் பாய்பொருள்களில் உப்பின் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் என்ற அளவில் காக்கப்படுவதால், வழக்கத்துக்கு மேலாக மூன்று கிராம் உப்பு உள்ளே தங்கினால், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை அதற்கேற்ப மூன்றிலொரு லீற்றர் நீரும் தங்கும். கட்டைச் சம்பலும் கருவாட்டுப் பொரியலும் இதைச் சத்தமில்லாமல் செய்து முடிக்கும். மீதி, இன்னும் சமித்து முடியாமல் குடலில் இருக்கும் உணவின் நிறை. அன்று நான் தேவைக்கு மேல் 1,000 கலோரி உண்டிருந்து, அது முழுவதும் கொழுப்பாகவே மாறியிருந்தாலும், அது 130 கிராம்தான்.

நிறை குறைக்க முயல்வோர் பலர் முயற்சியைக் கைவிடுவது, இப்படியொரு நாளுக்கு அடுத்த காலையில் என்பது என் எண்ணம். உணவு செய்த கேட்டைவிடத் தராசின் எண்ணைப் பிழையாக வாசித்ததால் வரும் கேடு பெரிது.

இனி வாரக் கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவாகிறது என்றும், அவர் 1,500 கலோரியோடு நிறுத்திக்கொள்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஏழு நாளும் தவறாமல் இருந்தால் வாரத்துக்கு 3,500 கலோரி குறையும். ஆறு நாள் அப்படி இருந்துவிட்டு ஏழாம் நாள் கணக்கெழுதாமல், ஆனால் வழக்கமான பசிக்கேற்ப 2,000 கலோரி அளவில் உண்டால் 3,000 குறையும். இழப்பு ஏழில் ஒரு பங்கு மட்டுமே. கொழுப்பாகப் பார்த்தால் வாரத்துக்கு 450 கிராமுக்குப் பதிலாக 390 கிராம் போகும். ஆனால் அதே ஏழாம் நாளில் 3,500 கலோரி உள்ளே போனால், ஆறு நாளில் சேர்த்ததில் பாதி அழிந்து 1,500தான் மிஞ்சும். 5,000 போனால் எதுவும் மிஞ்சாது. கணக்கெழுதாத நாள் வேறு, கண்மண் தெரியாமல் உண்ணும் நாள் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான், ஒருவருக்குக் கைகொடுத்த ஓய்வு நாள் இன்னொருவரைக் கவிழ்த்துவிடுகிறது. காலி வீதியில் இரவு பத்து மணிக்கு வாங்கும் ஒரு முழுக் கொத்துரொட்டி, இரண்டு பேருக்குப் போதுமான அளவில் வருகிறது. அதைத் தனியாளாக முடிப்பதும் ஓய்வு நாளின் பகுதிதான் என்று நினைப்பவருக்கு மேற்சொன்ன 3,500 கலோரிக் கணக்கே பொருந்தும்.

ஓய்வு நாட்களுக்கு இன்னொரு பெருமையும் சொல்லப்படுகிறது. குறைத்து உண்ணும்போது உடலின் அனுசேபம் (உணவைச் சக்தியாக மாற்றிச் செலவிடும் வேலை) மந்தமாகிவிடுகிறது என்றும், இடையில் ஒரு நாள் நன்றாக உண்டால் அது மீண்டும் துடிப்பாகும் என்றும் உடற்பயிற்சிக் கூடங்களில் உறுதியோடு கூறுவார்கள். இதன் முதற்பாதி உண்மை. 1944ஆம், 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் 36 ஆண்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி உணவு கொடுத்து ஆராய்ந்தபோது, அவர்கள் உடல்நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை இழந்தனர். ஓய்வு நிலையில் அவர்களின் உடல் செலவிட்ட சக்தியோ அதைவிடக் கூடுதலான விகிதத்தில் வீழ்ந்தது. 1995இல் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர், நிறையில் பத்து வீதத்தை இழந்தவரின் சக்திச் செலவு, உடல் சிறுத்ததால் மட்டும் விளங்கிக்கொள்ள முடியாத அளவுக்குக் குறைகிறது என்று காட்டினர். இதன் பின்னணியில் உள்ள தூதுவர்களுள் முதன்மையானது, 1994இல் ஜெப்ரி பிரீட்மனின் ஆய்வுகூடம் கண்டறிந்த லெப்டின் என்ற ஓமோன். கொழுப்புக் கலங்கள் சுரக்கும் இந்த ஓமோன், சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உணவு குறைந்தால், கொழுப்பு கரைவதற்கு முன்னரே லெப்டின் விறுவிறுவென்று இறங்கிவிடுகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, பசியைக் கூட்டிச் செலவைச் சுருக்குகிறது.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். காபோவைதரேற்றை மிகுதியாக உண்டால் லெப்டின் ஏறுவது மெய்தான். ஆனால் மறுபடி குறைத்து உண்ணத் தொடங்கியதும் அது இறங்கிவிடும். ஒரு நாள் விருந்தால் அனுசேபம் அந்த வாரம் முழுவதும் உயர்ந்து நிற்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

நீண்ட ஓய்வுகளின் கதை சற்று வேறானது. 2017இல் வெளியான தஸ்மேனியாப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, உடற்பருமன் கொண்ட 51 ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழு 16 வாரம் தொடர்ச்சியாகத் தேவையின் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் உண்டது. மற்றது அதே 16 வாரத்தை இரண்டிரண்டு வாரங்களாகப் பிரித்து, இடையிடையே இரண்டு வாரம் நிறை கூடாமலும் குறையாமலும் இருக்கும் அளவுக்கு உண்டது. முதற் குழு சராசரியாக 9.1 கிலோகிராமும், இரண்டாம் குழு 14.1 கிலோகிராமும் இழந்தன. இந்த எண்களைக் கண்டதும் ஓய்வுக்குக் கொடி பிடித்தவர்கள் இரண்டு விடயங்களைப் பேசுவதில்லை. இரண்டாம் குழுவுக்கு அந்த இழப்பை அடைய 16 வாரமல்ல, 30 வாரம் பிடித்தது. ஓய்வு வாரங்களிலும் அவர்களின் உணவை ஆய்வாளர்களே அளந்து வழங்கினர். கணக்கெழுதும் சுமை அவர்களிடமிருந்து வேறொருவர் தோளுக்கு மாறியதே தவிர, கணக்கு நிற்கவில்லை. மேலும், 2021இல் எடைப்பயிற்சி செய்யும் 61 பேரைக் கொண்டு அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வார ஓய்வு எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் கொழுப்பு இழப்பில் வேறுபாடு காணப்படவில்லை. ஓய்வெடுத்தவர்களின் பசி மட்டும் குறைவாக இருந்தது. அந்த 'மட்டும்' சிறியதன்று. மாதக்கணக்காகத் தொடர வேண்டிய ஒரு முயற்சியைப் பசிதான் முறித்துப் போடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இவற்றுக்கெல்லாம் முந்தியது. அது தன்னை நடத்தியவர்களையே ஏமாற்றியது. ரீனா விங், றொபட் ஜெப்ரி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், மனிதர்கள் நிறை குறைப்பை எப்படிக் கைவிடுகிறார்கள் என்பதை நேரில் காண விரும்பினர். அதற்காக 14 வாரப் பயிற்சியின் நடுவே ஒரு குழுவுக்கு ஆறு வார ஓய்வும் இன்னொன்றுக்கு இரண்டிரண்டு வாரமாக மூன்று ஓய்வும் கட்டாயமாகக் கொடுத்து, அக்காலத்தில் எல்லா முயற்சியையும் நிறுத்தச் சொன்னார்கள். பலர் குலைந்துபோவார்கள், அதைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம் என்பது திட்டம். நடந்ததோ வேறு. ஓய்வில் நிறை குறைவது நின்றது, சிறிதே ஏறவும் செய்தது. ஆனால் திரும்பி வந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 2003இல் வெளியான முடிவின்படி, இறுதியில், ஓய்வே எடுக்காத குழுவையும் சேர்த்து, மூன்று குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

அனுமதிக்கப்பட்ட ஓய்வு ஏன் மனிதரைக் குலைக்கவில்லை? முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்ற பழமொழி விடையின் ஒரு பகுதியைச் சொல்கிறது. 1975இல் ஹேர்மன், மக் என்ற இரு உளவியலாளர்கள், உணவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்களுக்கும் அப்படி வாழாதவர்களுக்கும் முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைபார்க்கும் சாக்கில் முன்னே வைத்தார்கள். கட்டுப்பாடில்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்த பின் ஐஸ்கிரீமைக் குறைவாகவே உண்டனர். கட்டுப்பாட்டுக்காரர்களோ குடித்த பின் கூடுதலாக உண்டனர். இன்றைய நாள் ஏற்கனவே கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு அவர்களின் பசியை முந்திக்கொண்டது. முன்கூட்டியே நாட்காட்டியில் குறிக்கப்பட்ட ஓய்வு நாளில் அந்தத் தீர்ப்புக்கு இடமில்லை. அன்று எதுவும் கெடுவதில்லை; ஆகவே இரண்டாவது வட்டிலப்பத்தை நியாயப்படுத்த முதலாவதைக் காரணம் காட்டவும் முடியாது.

கணக்கெழுதுவது வீண்வேலை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1992இல் வெளியான ஆய்வொன்றில், எவ்வளவு குறைத்தாலும் நிறை இறங்குவதில்லை என்று முறையிட்டவர்களின் உண்மையான உணவை அளந்தபோது, தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 வீதம் குறைத்தே அவர்கள் அறிவித்திருந்தது தெரியவந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை; மறந்திருக்கலாம். எங்கள் சமையலறைகளில் மறதிக்கு வசதி அதிகம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. தாளிக்கும் கை அதைக் கரண்டியால் அளப்பதில்லை. இடியப்பத்தை எண்ணலாம், சொதியை எண்ண முடியாது. போதாக்குறைக்குப் பெரியம்மா, "இன்னும் ரெண்டு வைக்கட்டே பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே வைத்து முடித்திருப்பார். ஆகவே தொடக்கத்தில் சில வாரங்களாவது ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுவது, கண்ணுக்கு அளவு பழகுவதற்கான பயிற்சி. அந்தப் பயிற்சி கைவந்ததா என்பதைச் சோதிக்கும் நாள் என்றே கணக்கெழுதாத நாளை நான் பார்க்கிறேன். எழுதாமல் உண்டுவிட்டு, இரவில் நினைவிலிருந்து கூட்டிப் பார்த்தால் மதிப்பீடு எவ்வளவு தவறுகிறது என்பது புரியும்.

எந்த நாளைத் தெரிவது என்பதில் கொழும்பு வாசிகளுக்குக் குறையொன்றும் இல்லை. தைப்பொங்கலும் தீபாவளியும் நம்முடையவை. நோன்புப் பெருநாளன்று பக்கத்து வீட்டிலிருந்து புரியாணி வரும். நத்தாருக்குக் கேக் வரும். வெசாக்குக்குத் தெருவே சோறு போடும். ஆனால் இவை தம்பாட்டில் வரும் நாட்கள் என்பதை மறந்து, வாராந்த ஓய்வையும் தனியாக எடுப்பவருக்கு மாதத்தில் ஏழெட்டு நாள் கணக்கில்லாமல் போய்விடும். என் வழக்கம், அந்த வாரத்தில் விருந்து வந்தால் அதையே ஓய்வு நாளாக வைத்துக்கொள்வது. விருந்தில்லாத வாரத்தில் ஞாயிறு. முந்திய நாள் பட்டினி கிடப்பதும் மறுநாள் இரட்டிப்பாகக் குறைப்பதும் இதில் சேராது. அவை ஓய்வை மீண்டும் கணக்காக மாற்றிவிடும். இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள், உணவின் அளவு நாளுக்கு நாள் மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம் என்பதால், வைத்தியரிடம் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. எண்களைப் பார்த்தாலே பதற்றம் கொள்ளும் அளவுக்கு உணவோடு மல்லுக்கட்டுபவர்களுக்குக் கணக்கே ஆகாது. அவர்களுக்குத் தேவை ஓய்வு நாளல்ல, உளநல உதவி.

தராசில் ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. மேலதிக உப்பும் நீரும் வெளியேறச் சில நாட்கள் பிடிப்பதால், ஓய்வுக்கு மறுநாள் எடுக்கும் நிறையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. நான்காம் நாள் காலை எண்ணையோ, ஏழு நாட்களின் சராசரியையோ முந்திய வாரத்தோடு ஒப்பிட வேண்டும். வெசாக்குக்குப் பின்னான என் கட்டங்களில் 75.6, 75.1, 74.5, 74.1 என்று எழுதியிருக்கிறது. 75.6 என்பதன் மேல் யாரோ கறிக் கையை வைத்த மஞ்சள் கறை ஒன்றும் இருக்கிறது.