இருவழிக் கண்ணாடி என்று ஒன்று இல்லை

வீட்டிலேயே ஸ்மார்ட் மிரர், அதாவது முகத்தோடு பின்னால் உள்ள திரையின் எழுத்தையும் காட்டும் கண்ணாடி, செய்யப் போவதாகச் சொல்லி, அக்கா மகன் பொருள்பட்டியல் எழுதிக்கொண்டு வந்தான். பழைய மானிட்டர், ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினி, எஸ்டி கார்டு, பவர் சப்ளை, மரச்சட்டம், கடைசியாக ‘இருவழிக் கண்ணாடி’. அந்தக் கடைசிப் பொருளை மட்டும் முதலிலேயே வாங்கிவிட்டிருந்தான். “மாமா, ரெண்டு பக்கமும் முகம் தெரியுது. பின்னாடி திரையை வச்சா ஒண்ணுமே தெரியல” என்றான். தெரியாதுதான். அவன் வாங்கி வந்தது இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகளை முதுகோடு முதுகு ஒட்டியது.

அவனையும் குறை சொல்ல முடியாது, கொடுத்தவரையும் குறை சொல்ல முடியாது. தமிழில் இருவழி என்றால் வேறென்ன பொருள் தோன்றும்? இருவழிச் சாலையில் இரு பக்கமும் வண்டி போகும், வரும். அப்படியென்றால் இருவழிக் கண்ணாடியில் இரு பக்கமும் முகம் தெரிய வேண்டும். சொல்லை நம்பியவன் ஏமாந்தான்.

இந்தப் பெயரை எத்தனையோ செய்முறை விளக்கங்களில் பார்த்துவிட்டேன். ஆங்கிலத்தில் ‘டூ-வே மிரர்’ என்கிறார்கள், அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார்கள். அதே பொருளை அதே ஆங்கிலத்தில் ‘ஒன்-வே மிரர்’ என்றும் சொல்வதை இவர்கள் ஏன் யோசிக்கவில்லை? ஒன்றும் இரண்டும் ஒரே பொருளைக் குறிக்கிறது என்றால், அந்தப் பெயர் பொருளின் தன்மையைச் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம். அங்கே பழக்கத்தால் ஓடுகிற குழப்பத்தை இங்கே புதிதாகக் கொண்டுவந்து நட்டுவிட்டோம்.

சிலர் திருத்துவதாக நினைத்து ‘ஒருவழிக் கண்ணாடி’ என்கிறார்கள். அது அதைவிடத் தவறு. ஒளி ஒரு பக்கமிருந்து மட்டும் போகும், மறுபக்கமிருந்து வராது என்று எண்ண வைக்கிறது. உண்மையில் அந்தத் தகட்டில் ஒளி இரு திசையிலும் ஒரே அளவில்தான் புகுகிறது. மெல்லிய பூச்சு ஒன்று விழும் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்புகிறது, மீதியை உள்ளே விடுகிறது. அறை வெளிச்சமாகவும் பின்புறம் இருட்டாகவும் இருப்பதால் நமக்கு முகம் தெரிகிறது. இருட்டுக்குள் திரையில் எழுத்து ஒளிர்ந்தால் அந்த எழுத்து மட்டும் முகத்தோடு சேர்ந்து தெரிகிறது. வித்தை எல்லாம் வெளிச்ச வேறுபாட்டில் இருக்கிறது, வழியில் இல்லை. இது புரிந்தவன்தான் சட்டத்தின் பின்புறத்தைக் கறுப்புத்தாள் ஒட்டி அடைப்பான், திரையின் பின்னணியைக் கறுப்பாக வைப்பான். ‘ஒருவழி’ என்று படித்தவனுக்கு அது ஏன் தேவை என்றே தோன்றாது.

‘அரைவெள்ளிக் கண்ணாடி’ என்பாரும் உண்டு. பூச்சைச் சொல்வதால் முந்தைய இரண்டைவிடத் தேவலை. ஆனால் பூச்சு வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அலுமினியமாகவும் இருக்கும், உலோகமே இல்லாத பூச்சும் உண்டு. அரைக்கு அரை என்ற கணக்கும் கட்டாயமில்லை. நூற்றில் 70 பங்கைத் திருப்பி, 30 பங்கை உள்ளே விடுவது இந்த வேலைக்குப் பொருந்தும்.

இனி சொல்லுக்கு வருவோம். கண்ணாடி என்பது நமக்கு மூன்று பொருள்: ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி. ஸ்மார்ட் மிரரைத் ‘திறன் கண்ணாடி’ என்று எழுதினால் கண்ணில் மாட்டும் கருவி என்றுதான் பலர் நினைப்பார்கள். முகம் பார்ப்பதற்கு மட்டும் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ஆடி. நாம் கையும் காலும் தூக்கத் தானும் தூக்கும் ‘ஆடிப் பாவை’ குறுந்தொகையின் 8ஆம் பாட்டில் வருகிறது. பள்ளி இயற்பியலில் குழியாடி, குவியாடி படித்திருக்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் தளவாடி உண்டு. பரீட்சை முடிந்ததும் அந்தச் சொல்லை ஏன் கைவிட வேண்டும்?

திறன்பேசி வழக்கில் இருப்பதால் ஸ்மார்ட் மிரருக்குத் திறனாடி போதும். இதில் எனக்குப் பெரிய வழக்கில்லை. அந்தத் தகட்டுக்குத்தான் சரியான பெயர் வேண்டும். ஊடொளி ஆடி என்கிறேன்: ஊடே ஒளி புகும் ஆடி. 1903இல் எமில் பிளாக் என்பவர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றபோது ‘ஒளிபுகும் ஆடி’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். முதல் பெயரே சரியாக இருந்திருக்கிறது. இன்னும் சுருக்கி ‘ஊடாடி’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். காதுக்கு இனிமைதான், ஆனால் ஊடாடு என்பது பயனரோடு பதில் பேசும் மென்பொருளைக் குறிக்க ஏற்கெனவே போய்விட்டது. தொடுதிரை வைத்த ஆடி என்று புரிந்துகொள்வார்கள்.

நான் தனித்தமிழ் பிடிவாதக்காரன் அல்ல. மானிட்டரை மானிட்டர் என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரிகிறது. தமிழில் பெயர் வைப்பதாக இருந்தால், வைப்பவர் அந்தப் பொருளை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பட்ஜெட்டை ‘வரவுசெலவுத் திட்டம்’ என்று இந்த வேலைக்கும் எழுதுகிறார்கள். இதில் வரவு ஏது? செலவுக் கணக்கு என்றால் போதாதா?

அந்தச் செலவுக் கணக்கில் இந்தத் தகட்டுக்குக் கவனம் அதிகம் வேண்டும். அளவுக்கு வெட்டியபின் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே மானிட்டரை முதலில் வாங்கி, உறையைக் கழற்றி, திரையை அளந்த பிறகே ஆடிக்குச் சொல்ல வேண்டும். 250 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சமுள்ள திரை, 30 பங்கு விடும் ஆடிக்குப் பின்னால் 75 நிட்டாகத்தான் தெரியும். மங்கலான பழைய மானிட்டரில் மிச்சம் பிடிக்க நினைப்பவர் இதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு லேசானது, எளிதில் உடையாது, ஆனால் பெரிய அளவில் வளைந்து முகத்தைக் கோணலாக்கும். கண்ணாடித் தகடு நேராக நிற்கும், சட்டம் அதன் எடையைத் தாங்க வேண்டும்.

அவன் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு நானே எழுதிக் கொடுத்தேன்: ஊடொளி ஆடி, கண்ணாடித் தகடு, ஒரு பக்கம் மட்டும் பூச்சு, உள்ளே விடும் ஒளி 30 பங்கு, அளவு திரையை அளந்தபின்.