ஓவர் தி கவுன்டர்: கல்லாவுக்கு எந்தப் பக்கம்?

சில மருந்துகளை ஆங்கிலத்தில் 'ஓவர் தி கவுன்டர்', சுருக்கமாக 'ஓடிசி', என்பார்கள். இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'கல்லாவுக்கு மேலே' என்று வரும். 'மேசைக்கு மேல் விற்கும் மருந்து' என்று எழுதினாலோ, படிப்பவர் மருந்தை விட்டுவிட்டு மேசையைத் தேடுவார்.

கவுன்டர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'எண்ணுதல்' என்று பொருள்படும் 'கம்ப்யூட்டாரே'. கம்ப்யூட்டர் பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது காசு எண்ணும் மேசையைக் குறித்தது, அப்புறம் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்கும் பலகைக்கே பெயரானது. பலகைக்கு மேல், எல்லோர் கண் முன்னாலும் கைமாறினால் 'ஓவர்'. அடியில் மறைத்துக் கொடுத்தால் 'அண்டர்', அதாவது கள்ள விற்பனை. பங்குச் சந்தைக்காரர்கள் இதே 'ஓடிசி'யை வேறு பொருளில் சொல்வார்கள். அது நமக்கு இங்கே வேண்டாம்.

மருந்து விஷயத்தில் இதன் பொருள் ஒன்றுதான்: டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கலாம். அதனால் நான் 'சீட்டில்லா மருந்து' என்றே எழுதுகிறேன். 'பரிந்துரையின்றிப் பெறத்தக்க மருந்து' என்பதும் சரிதான், ஆனால் அரசாணை வாசனை அடிக்கிறது. கடையில் யாரும் 'பரிந்துரை இருக்கிறதா' என்று கேட்பதில்லை, 'சீட்டு இருக்கா' என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால் சீட்டு வேண்டாம் என்பதும், அலமாரியிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் அவசரக் கருத்தடை மாத்திரைக்காகப் பல வருடம் நடந்த சண்டை இந்த இடைவெளியில்தான் நடந்தது. அங்கே 'பிளான் பி' என்ற பெயரில் அந்த மாத்திரை 1999இல் சீட்டு மருந்தாக வந்தது. 2003 டிசம்பரில் நிபுணர் குழு 23க்கு 4 என்ற வாக்கில் சீட்டு தேவையில்லை என்றது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004இல் அதை ஏற்க மறுத்தது, 2005இல் முடிவைத் தள்ளிப்போட்டது. அங்கே பெண்கள் நலப் பிரிவின் தலைவராக இருந்த சூசன் வுட் அதை எதிர்த்துப் பதவி விலகினார்.

2006இல் ஒரு விசித்திரமான சமரசம் வந்தது. 18 வயது ஆனவருக்குச் சீட்டு வேண்டாம், ஆகாதவருக்கு வேண்டும். அதே அட்டைப்பெட்டி, அதே மாத்திரை; 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மட்டும் சீட்டு மருந்து என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். வயதுச் சான்று பார்க்க வேண்டுமே, அதனால் பெட்டி கவுன்டருக்குப் பின்னால் போனது. பெயர் 'கவுன்டருக்கு மேல்', இருப்பதோ பின்னால்!

2009இல் நீதிபதி எட்வர்ட் கோர்மன் வயதை 17ஆகக் குறைக்கச் சொன்னார். 2011இல் வயது வரம்பையே எடுத்துவிட எஃப்டிஏ தயாரானபோது, சுகாதார அமைச்சர் கேத்லீன் செபீலியஸ் குறுக்கிட்டுத் தடுத்தார். 2013 ஏப்ரலில் கோர்மன் மறுபடி உத்தரவிட, ஜூனில்தான் ஒற்றை மாத்திரையாக வரும் வகைக்கு வயது வரம்பு நீங்கியது. அப்போதுதான் அது எந்த வயதினரும் எடுத்துக்கொள்ளும்படி அலமாரிக்கு வந்தது.

பிரிட்டனில் இந்தக் குழப்பம் குறைவு. சீட்டு மருந்து, மருந்தாளுநர் மேற்பார்வையில் விற்பது, எந்தக் கடையிலும் விற்பது என்று அங்கே மூன்று வகுப்பு உண்டு. 2001இல் 16 வயது ஆனவர்களுக்கு இந்த மாத்திரை நடு வகுப்புக்கு மாறியது. ஆக தமிழிலும் இரண்டு சொல் வேண்டும். மருந்தாளுநரிடம் கேட்டு வாங்குவதைக் 'கேட்பு மருந்து' என்றும், நாமே எடுத்துக்கொள்வதை 'எடுப்பு மருந்து' என்றும் சொல்லிப் பார்க்கிறேன். 'எடுப்பு' கொஞ்சம் எடுப்பாகத்தான் இருக்கிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

இந்தியச் சட்டத்தில் 'ஓடிசி' என்று தனி அட்டவணை கிடையாது. 1945 மருந்து விதிகளின் எச், எச்1, எக்ஸ் அட்டவணைகளில் வருவது சீட்டு மருந்து. மற்றதெல்லாம் நடைமுறையில் சீட்டில்லா மருந்து. பிளான் பி-யில் இருக்கும் அதே மருந்தான லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க அரசு 2005இல் அனுமதி கொடுத்தது. இருந்தும் தமிழ்நாட்டில் தடை ஏதும் இல்லை என்று அதிகாரிகள் சொல்ல, சென்னை மருந்துக் கடைகளில் 'இல்லைங்க, வர்றதில்லை' என்று கைவிரிப்பது வருடக்கணக்காகச் செய்தியில் அடிபட்டிருக்கிறது.

இதற்கு ஒரு காரணம் இன்னொரு சொல் குழப்பம். இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நினைப்பவர்கள் நிறைய. கருக்கலைப்புக்கான மிஃபெப்ரிஸ்டோன் வேறு மருந்து, அதற்குச் சீட்டு கட்டாயம். லெவோநார்ஜெஸ்ட்ரல் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே தரித்த கருவை அது கலைக்காது. கரு பதிவதைத் தடுக்கலாம் என்று பெட்டியில் முன்பு இருந்த வாசகத்தையும் 2022 டிசம்பரில் எஃப்டிஏ நீக்கியது. ஆகவே 'அவசரக் கருத்தடை' என்பதில் 'தடை' சரியான சொல். 'கலைப்பு' என்று எழுதுகிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

சென்னைக் கடையில் நடப்பதற்குத்தான் சொல் அகப்படவில்லை. சீட்டும் வேண்டாம், கேட்டாலும் கிடைக்காது. அதைக் கேட்பு மருந்து என்பதா, எடுப்பு மருந்து என்பதா?