பபிள் கவுண்டரில் தெரியாத கசிவு

செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விடுபவர்களின் புகார் இது: வாயு வேகத்தைக் குமிழியாகக் காட்டும் பபிள் கவுண்டரில் நொடிக்கு 2 குமிழி ஓடும். தண்ணீரில் வாயு குறைவென்றால் நீலம், போதுமென்றால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள் என்று நிறம் காட்டும் டிராப் செக்கரோ மாலை வரை நீலமாகவே நிற்கும். இந்தப் புகாரோடு வருபவர்கள் பலரும், வாயுவைப் பொடிக் குமிழிகளாகத் தண்ணீரில் விடும் டிஃப்யூசரை ஏற்கெனவே மாற்றிப் பார்த்திருப்பார்கள். சிலர் சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரையே மாற்றியிருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது டியூபை. ரெகுலேட்டரை ஒட்டியிருக்கும் கவுண்டர், டியூபுக்குள் நுழையும் வாயுவைத்தான் காட்டும். தொட்டிக்குப் போய்ச் சேர்வதை அல்ல.

வழக்கமான குற்றவாளி, மெத்தென்று வளையும் சிலிகான் ஏர் டியூப். அதில் ஓட்டை எதுவும் இருக்காது. கார்பன் டை ஆக்சைடு அதன் சுவரிலேயே கரைந்து ஊடுருவி வெளியேறிவிடும். சிலிகானின் ஊடுருவு திறன் ஏறத்தாழ 3000 பாரர் (வாயு ஊடுருவலை அளக்கும் அலகு). சாதாரண பாலித்தீனுக்கு 13 அளவுதான். உள்விட்டம் 4, வெளிவிட்டம் 6 மி.மீ. உள்ள சிலிகான் டியூப் 2 மீட்டர் நீளம் ஓடி, உள்ளே வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தம் நின்றால், கணக்குப்படி மணிக்கு அரை லிட்டர் வாயு போய்விடும். தினம் 8 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 200 கிராமுக்கு மேல். ஏர் பம்ப்புக்கு இது பொருட்டே இல்லை: அழுத்தம் குறைவு, போவதும் வெறும் காற்று.

சோப்பு நுரை வைத்துப் பார்த்தால் இணைப்புகளில் உள்ள கசிவுதான் தெரியும், சுவர் வழியாகப் போவது தெரியாது. அதற்கு டியூப் முனையை அடைத்து, சோலினாய்டும் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) நீடில் வால்வும் (குமிழி வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) திறந்திருக்க, சிலிண்டர் வால்வை மட்டும் மூடிவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் உயர் அழுத்த மீட்டர் முள் நன்றாக இறங்கியிருந்து, நுரைச் சோதனையில் இணைப்புகளும் தேறியிருந்தால், டியூப்தான் காரணம்.

வாங்க வேண்டியது 6×4 பாலியூரித்தேன் டியூப். நியூமேட்டிக் சாமான் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதிலும் பாலிஈதர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பாலியெஸ்டர் வகை, வெதுவெதுப்பான ஈரத்தில் நாளடைவில் சிதையும். சாதாரண பிவிசி ஏர் டியூப் சிலிகானைவிட மேல்தான், ஆனால் வருடம் போகப்போக மஞ்சளாகி விறைத்து, இணைப்பு முனையில் வெடிக்கும்.

கத்தரியால் வெட்டினால் வாய் நசுங்கும். பிளேடால் நேராக வெட்டுங்கள். புஷ் ஃபிட்டிங்கில் (டியூபைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் இணைப்பு) செருகும்போது முதல் தடையோடு நிறுத்தாமல் அடி வரை அழுத்தி, பிறகு இழுத்துப் பாருங்கள். கண்ணாடி டிஃப்யூசரின் கழுத்தில் பாலியூரித்தேனை நேரடியாகத் திணித்தால் கண்ணாடி உடையும். அங்கே மட்டும் 3 செ.மீ. சிலிகான் துண்டு போடலாம். அவ்வளவு சின்னத் துண்டில் போகும் வாயு அற்பம். கவுண்டருக்குப் பிறகு, தொட்டிக்கு முன்னால், ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் உலோகச் செக் வால்வும் வேண்டும். வாயு நிற்கும்போது தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி வந்தால் சோலினாய்டு போச்சு.

புது டியூப் போட்ட அன்று பழைய குமிழி வேகத்தையே வைத்தால் மீன்களுக்கு ஆபத்து. இதுவரை வீணான வாயுவும் இப்போது தொட்டிக்குள்தான் போகும். பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். டிராப் செக்கர் நிறம் மாற ஏறக்குறைய 2 மணி நேரம் பிந்தும் என்பதால், வேகத்தைக் கூட்டுவதானால் நாளுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் செக்கர் மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள்: வாயுவை நிறுத்தி ஏர் ஸ்டோனை ஓடவிடுங்கள்.