குழியை மூடுவதற்குள் படம் எடுத்துவிடுங்கள்

"தெருவுல தோண்டினாங்க, குழாய் உடைஞ்சுது, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. நஷ்டஈடு வாங்க முடியுமா சார்?" சென்னையில் சிவில் வழக்கும் நுகர்வோர் வழக்கும் நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி வருஷம் முழுக்க வரும். மழைநீர் வடிகால், மெட்ரோ ரயில், மின்சாரப் புதைவடம், இன்டர்நெட் கேபிள் என்று ஏதோ ஒன்றுக்காகத் தோண்டப்படாத தெருவை இந்த ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாங்க முடியும் என்பதே என் பதில். ஆனால் அடுத்து நான் கேட்கிற கேள்விக்குத்தான் பலரிடம் பதில் இருப்பதில்லை: உடைந்த குழாயைப் படம் எடுத்தீர்களா?

கட்டில் காலைத் தண்ணீர் தொட்டது, பீரோவின் கீழ்த்தட்டில் புடவைகள் நனைந்தது, பிரிட்ஜ் அணைந்து போனது எல்லாம் போனில் இருக்கும். தெருவில் இருந்த குழி மட்டும் இருக்காது. எதிர்த்தரப்பு ஒருநாளும் "சேதமே ஆகவில்லை" என்று வாதாடுவதில்லை. "சேதம் ஆகியிருக்கலாம், அது மழைத்தண்ணீர்" என்பார்கள். இல்லாவிட்டால் "அவர்கள் வீட்டு சம்ப்தான் கசிந்திருக்கிறது" என்பார்கள். அதை உடைக்கும் சாட்சியம் குழிக்குள் இருந்தது. அதன்மேல் இப்போது கப்பியும் மண்ணும் கிடக்கும்.

தெருவில் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஜேசிபி பக்கெட்டின் பல் ஒரு வீட்டு இணைப்புக் குழாயில் படுகிறது. அந்த நேரத்தில் லைனில் தண்ணீர் இல்லாததால் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. கூட இருப்பவர் ஒரு சைக்கிள் டியூபைக் கிழித்துக் குழாயைச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுகிறார். சாயங்காலம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விடியற்காலையில் தண்ணீர் திறந்துவிடும்போது அழுத்தத்தில் டியூப் நழுவுகிறது. புதிதாகத் தள்ளிய மண் இறுகாமல் பொலபொலவென்று இருப்பதால் தண்ணீர் அதற்குள்ளேயே வழி பிடித்து, காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் புகுந்து, உங்கள் ஹால் மூலையில் டைல்ஸ் இடுக்கு வழியாக மேலே வருகிறது. தோண்டியதற்கும் சேதத்துக்கும் நடுவே விழும் அந்த ஒன்றிரண்டு நாள் இடைவெளியில்தான் எதிர்த்தரப்பின் வாதம் முழுவதும் குடியிருக்கும்.

ஆகவே தண்ணீரை இறைப்பதற்கு ஒருவர் இருக்கட்டும், இன்னொருவர் போனோடு தெருவுக்குப் போகட்டும். குழியிலிருந்து உங்கள் வாசல் வழியாக ஹால் வரைக்கும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக நடந்து எடுங்கள். மின்கம்பத்தின் எண்ணும் உங்கள் கதவு எண்ணும் அதில் விழட்டும். வேலைக்கான அறிவிப்புப் பலகை இருந்தால் அதில் பணியின் பெயர், ஒப்பந்ததாரர் பெயர் எல்லாம் இருக்கும். பலகை இல்லாவிட்டால் ஜேசிபியின் பதிவு எண்ணாவது வேண்டும். ரிப்பேருக்கு வருபவர்கள் பழைய துண்டைக் கழற்றி வீசும்போது, "அதைக் கொடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள். மேற்கு மாம்பலம் பக்கம் ஓர் அம்மா அப்படி எடுத்து வைத்திருந்த அரையடிக் குழாய்த் துண்டு, அதில் பக்கெட் பல்லின் கீறலோடு, எங்கள் வழக்கில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டது. அதைக் கையில் கொடுத்து நான் குறுக்கு விசாரணை செய்த பொறியாளர் அதன்பின் சம்ப் கசிவைப் பற்றிப் பேசவே இல்லை.

மழை வாதத்துக்கு மருந்து இன்னும் எளிது. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வானிலை ஆய்வு மையம் தினமும் மழை அளக்கிறது. அந்தத் தேதிக்கான பதிவை முறையாக விண்ணப்பித்து வாங்கித் தாக்கல் செய்தால், மழை பெய்யாத நாளில் மழைத்தண்ணீர் வந்ததாக யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு வழியும் உண்டு. குழாயில் வரும் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் குளோரின் இருந்தால் அது வானத்திலிருந்து வரவில்லை என்று பொருள். அன்றைக்கே சோதிக்க வேண்டும், ஏனென்றால் குளோரின் சீக்கிரம் போய்விடும். மண்ணுக்குள் ஊர்ந்து வரும்போதே தீர்ந்துபோவதும் உண்டு. அதனால் இருந்தால் பலம். இல்லையென்றால் அதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது.

அன்றே 1916-க்கு அழைத்துச் சென்னைக் குடிநீர் வாரியத்தில் புகார் எண் வாங்குங்கள். வடிகால் வேலையென்றால் மாநகராட்சியின் 1913. போலீஸ் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கிடைத்தால் அதுவும் நல்லதுதான், வற்புறுத்த வேண்டியதில்லை. இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தெருவில் ரோடு கட் அனுமதி யாருக்கு, எந்தத் தேதிகளுக்குக் கொடுக்கப்பட்டது, ஒப்பந்தப் பத்திரத்தின் நகல், அந்த இடத்தில் செய்த பழுதுபார்ப்புப் பதிவு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்தின்படி பணியை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஒப்பந்தப் பத்திரத்தை நான் விரும்பிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதிகாரியிடம் போனால் "காண்ட்ராக்டரைக் கேளுங்க" என்பார். காண்ட்ராக்டர் "டிபார்ட்மென்ட் காட்டின இடத்துலதான் தோண்டினேன்" என்பார். பத்திரத்தைப் புரட்டினால், மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்தை ஒப்பந்ததாரரே ஏற்க வேண்டும் என்று பெரும்பாலும் ஒரு ஷரத்து இருக்கும். அவருடைய காப்புத்தொகையும் துறையின் கையில்தான் கிடக்கும். அது திரும்பக் கொடுக்கப்படுவதற்குள் உங்கள் கடிதம் கோப்பில் ஏறிவிட்டால் இரண்டு பேருமே பேச வருவார்கள். நோட்டீஸும் வழக்கும் இருவரையும் சேர்த்தே போடுங்கள். அவர்களுக்குள் யார் கொடுப்பது என்பது அவர்கள் தலைவலி.

எங்கே போவது என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே நீங்களே வாதாடலாம், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். அரசு சார்ந்த அமைப்புகளும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அலைக்கழித்த அதிகாரியின் சம்பளத்திலிருந்தே நஷ்டஈட்டைப் பிடிக்க வழி காட்டிய தீர்ப்பு அது. ஆனால் நீங்கள் பணம் கொடுத்துச் சேவை பெறுகிறவராக இருக்க வேண்டும். குடிநீர் இணைப்புக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள், அந்த வாரியத்தின் வேலையிலேயே குழாய் உடைந்தது என்றால் சரி. வரி கட்டுவது வேறு, கட்டணம் கட்டுவது வேறு. சொத்து வரி ரசீதை மட்டும் காட்டி, மாநகராட்சியின் வடிகால் வேலைக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் "நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேபிள் கம்பெனி தோண்டியிருந்தாலும் அதே கதைதான்.

அங்கே இடமில்லாதவர்களுக்கு சிவில் நீதிமன்றம். தமிழ்நாட்டில் 2017-ல் கோர்ட் ஃபீஸை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள்; நான்கு லட்சம் கேட்டால் 12,000 ரூபாய் கட்ட வேண்டும். வழக்கு போட்ட கையோடு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி மனு போட்டால், அவர் வந்து சுவரையும் தரையையும் பார்த்து அறிக்கை கொடுப்பார். அரசு அமைப்புக்கு எதிராக நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கவனக்குறைவு யாருடையது என்பதே சண்டையாக இருந்தால் அது ரிட்டில் தீராது. ஒரிசா மின் கழக வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது.

மூன்றாவதாக ஒரு வாசல் இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை: பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றம். தண்ணீர், மின்சாரம், துப்புரவு எல்லாம் அதன் வரம்புக்குள் வரும். கட்டணம் கிடையாது, ஒரு கோடி வரை விசாரிக்கலாம். வழக்கமான லோக் அதாலத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் ஆச்சு. இங்கே சமரசம் ஆகாவிட்டாலும் அவர்களே தீர்ப்புச் சொல்லிவிடலாம். வேறு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே இங்கே வர வேண்டும், மேல்முறையீடும் கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். உங்கள் மாவட்டத்தில் இயங்குகிறதா என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் சொல்வார்கள்.

காலக்கெடு பற்றி ஒரு எச்சரிக்கை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம். சிவில் வழக்குக்கு மூன்று வருஷம் இருக்கிறது என்று நிதானமாக வருபவர்கள் காலவரையறைச் சட்டத்தின் 72-வது இனத்தைப் பார்த்ததில்லை. ஒரு சட்டத்தின் கீழ் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு நஷ்டஈடு கேட்க அது ஒரே ஒரு வருஷம்தான் தருகிறது. அரசு அமைப்புகள் முதலில் தூக்குகிற ஆயுதம் அதுதான். பொருந்துமா பொருந்தாதா என்று பின்னால் வாதாடுவதைவிட, ஒரு வருஷத்துக்குள் வழக்கைப் போட்டுவிடுவது நல்லது. பிரதிவாதி அரசுத் துறையென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்பே சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். வாரியங்களுக்கும் மாநகராட்சிக்கும் அவற்றின் சொந்தச் சட்டத்திலேயே நோட்டீஸ் விதி இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுத்த வீடியோவுக்குச் சான்றிதழ் தேவை. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அந்தச் சான்றிதழில் இரண்டு பகுதி. ஒன்றில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், மற்றதில் ஒரு வல்லுநர். அதுவரை அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு வேலை இரட்டிப்பாகிவிடுகிறது.

எவ்வளவு கேட்பது? எட்டு வருஷம் ஓடிய வாஷிங் மெஷினுக்குப் புது விலை கிடைக்காது. தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். ஆனால் தண்ணீர் வடிந்த அன்றைக்குத் தெரியாத சேதம்தான் வீட்டில் அதிகம். பிளைவுட் கபோர்டு ஒரு வாரம் கழித்துத்தான் உப்பும். டைல்ஸைத் தட்டினால் தொப்தொப்பென்று கேட்கும். சுவரடியில் உப்புப் பூத்துப் பட்டி உரிந்து வருவதற்கு மாதங்கள் ஆகலாம். அதனால் நோட்டீஸில் ஒரு தொகையைப் போட்டு, "இதுவரை தெரிந்த சேதம்" என்ற வார்த்தைகளைச் சேர்த்துவிடுங்கள். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் மதிப்பீடு வாங்குங்கள். மேஸ்திரி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற கணக்கு குறுக்கு விசாரணையில் நிற்காது. நனைந்த சாமான்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் மாடல் எண் தெரியப் படம் எடுங்கள். அதே சமயம் "வழக்கு இருக்கிறதே" என்று ஈரத்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது. சேதத்தைக் குறைக்க நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்யவில்லை என்றால் தொகையில் வெட்டு விழும். மோட்டார் வாடகை, சம்ப் கழுவிய கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். அதுவும் கேட்கக்கூடிய செலவுதான்.

ஒப்பந்ததாரரின் ஆள் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ ரொக்கத்தோடு ஒரு தாளை நீட்டுவார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருக்கும். பணத்தை வாங்கலாம். அந்த வரியை அடித்துவிட்டு "பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் பணமே வேண்டாம்.

வீட்டுக் காப்பீடு இருந்தால் கம்பெனிக்கு உடனே தெரிவியுங்கள். 2021 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் விற்றாக வேண்டும் என்று வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்து வழிவது சேர்ந்திருக்கிறது. ஆனால் கம்பெனி உங்களுக்குக் கொடுத்த பணத்தை, தப்பு செய்தவரிடமிருந்து உங்கள் பெயரால் வசூலிக்க அதற்கு உரிமை உண்டு. நீங்கள் ஒப்பந்ததாரருக்கு "கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தால் கம்பெனியும் கையை விரித்துவிடும்.

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் "வீடு என்னுடையது இல்லையே" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சுவரும் தரையும் உரிமையாளருடையது; கட்டிலும் பிரிட்ஜும் குழந்தையின் புத்தகங்களும் உங்களுடையவை. அவற்றுக்கு நீங்களே உங்கள் பெயரில் கேட்கலாம், இருவரும் சேர்ந்தும் போடலாம். தனித்தனியாகப் போட்டால் ஒருவருடைய மனுவில் இருக்கும் தேதியும் தண்ணீர் வந்த வழியும் மற்றவருடையதோடு ஒத்துப்போகிறதா என்று தாக்கல் செய்வதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.