பிக்சல்: படவணுவா, படப்புள்ளியா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாப்புலியூரிலோ பேனர் அடிக்கும் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "படம் பிக்சல் அடிக்குதுங்க, வேற போட்டோ இருந்தா அனுப்புங்க." வந்தவர் விடமாட்டார், "என் போன்ல நல்லாத்தானே இருக்கு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பிக்சல் என்றால் டிஜிட்டல் படத்தின் ஆகச் சிறிய கூறு. படத்துக்குள் இருக்கும் பிக்சல் ஒன்று, திரையில் எரியும் பிக்சல் இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே பெயர், அதுதான் சிக்கல்.

பிக்சர் என்பதன் சுருக்கமான 'பிக்ஸ்', எலிமென்ட் என்பதன் தலையிலிருந்து 'எல்', இரண்டும் ஒட்டிப் பிறந்த சொல் இது. 1965இல் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் பில்லிங்ஸ்லி, விண்கலங்கள் அனுப்பிய படங்களைப் பற்றி எழுதியபோது அச்சில் ஏறியது. அவர் உருவாக்கியதில்லை, வேறொருவர் வாயிலிருந்து எடுத்துக்கொண்டது. அதற்கு வெகு முன்பே, 1880களில், ஜெர்மனியின் பவுல் நிப்கோ 'பில்ட்புங்க்ட்' என்று எழுதிவிட்டார், அதாவது அச்சு அசலாகப் படப்புள்ளி.

தமிழில் படவணு, படப்புள்ளி, படத்துணுக்கு எல்லாம் புழங்குகின்றன. துணுக்கு என்றதும் எனக்கு வாரப்பத்திரிகை நகைச்சுவைதான் நினைவுக்கு வருகிறது, அதனால் அதை விட்டுவிடுகிறேன். படம் + அணு = படவணு, மரவடி போன்ற புணர்ச்சிதான். கோப்புக்குள் இருப்பதற்கு இதுவே பொருத்தம். அங்கே ஒரு பிக்சல் என்பது சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எண்கள், வழக்கமாக 0 முதல் 255 வரை. அதற்கு நீள அகலம் கிடையாது, பிளக்கவும் முடியாது. திரையில் இருப்பதோ மூன்று நிறக் கீற்றுகள் கொண்ட, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிற நிஜப் பொருள். அதைப் படப்புள்ளி என்போம்.

இப்படிப் பிரித்துக்கொண்டால் கோளாறு எங்கே என்பது பிடிபடும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றின் பலகை அடுக்கு ஜன்னலை 6000×4000 அளவில் எடுத்திருக்கிறீர்கள், 2.4 கோடி படவணு. 1920×1080 திரையில் இருப்பது ஏறக்குறைய 20.7 லட்சம் படப்புள்ளி. முழுப் படத்தையும் அதற்குள் அடக்கினால் இரு பக்கமும் கொஞ்சம் திரை காலியாக நிற்கும், அதனால் படம் பார்க்கும் மென்பொருள் ஏறத்தாழ 14 படவணுக்களை ஒரு புள்ளியாக்க வேண்டும். நல்ல மென்பொருள் அக்கம்பக்கத்தையும் கணக்கில் எடுத்துக் கலக்கும், அவசரக்கார மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வீசிவிடும், ஜன்னல் பலகைகள் படிக்கட்டு போல நெளிவது அதனால்தான். 100 சதவீதத்தில், அதாவது ஒரு படவணுவுக்கு ஒரு படப்புள்ளி என்று, வைத்துப் பாருங்கள், அங்கே கோடு நேராக இருந்தால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. படம் பார்க்க இர்ஃபான்வியூ என்ற மென்பொருள் வைத்திருந்தால் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸில் ரீசாம்பிள் என்ற தேர்வுக்கு டிக் போட்டுப் பார்க்கலாம்.

100 சதவீதத்திலும் எல்லாம் மங்கலா? விண்டோஸின் திரை அமைப்பில் எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கும் ஸ்கேல் அளவு 125 அல்லது 150 சதவீதம் என்று இருக்கலாம், பழைய மென்பொருளுக்கு அது புரியாது, விண்டோஸே அதன் சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடும். அந்த மென்பொருளின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் ஹை டிபிஐ அமைப்பை மாற்றினால் தெளியும். நிறம் வெளிறித் தெரிந்தால் அது கலர் புரொபைல் (நிறங்களை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு) சமாச்சாரம், படவணு மேல் பழி போட வேண்டாம்.

100 சதவீதத்தில் கட்டம் கட்டமாக, 8×8 சதுரங்களாகத் தெரிந்தால் பேனர் கடைக்காரர் சொன்னது சரி: கோப்பைச் சிறிதாக்க ஜேபெக் (JPEG) முறையில் இறுக்கியதில் விவரம் போயேவிட்டது, எந்த அமைப்பும் மீட்காது. எடுத்தவரிடமே மூலக் கோப்பைக் கேளுங்கள், வாட்ஸ்அப் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.