செக்சம் பொருந்துகிறது, சரி. எதோடு பொருந்துகிறது?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களிடம் ஒரு சர்வரில் லினக்ஸ் நிறுவச் சொன்னால், பெரும்பாலும் ஒழுங்காகவே செய்வார்கள். ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவல் வட்டின் முழுப் பிரதியான கோப்பை இறக்குவார்கள், செக்சம் (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போட்டுப் பார்ப்பார்கள், "மேட்ச் ஆகுது சார்" என்பார்கள். எதோடு மேட்ச் ஆகிறது என்று கேட்பேன். டவுன்லோட் பட்டனுக்குக் கீழேயே போட்டிருந்த எண்ணோடு என்று பதில் வந்தால், பாதி வேலை பாக்கி இருக்கிறது.

அவர்கள் செய்து முடித்த பாதி வேலையும் பயனுள்ளதுதான். எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் ஷா-256 என்ற கணக்கீட்டு முறை அதிலிருந்து 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரியைக் கணக்கிட்டுத் தரும். இந்த வரிதான் செக்சம், ஹாஷ் என்றும் சொல்வார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். பாதியில் அறுந்த டவுன்லோட், கெட்டுப்போன பென்டிரைவ் எல்லாம் இதில் உடனே மாட்டிக்கொள்ளும். விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை, லினக்ஸ் என்றால் ஷா256சம். பவர்ஷெல் பெரிய எழுத்தில் காட்டும், இணையதளங்கள் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். இதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு, இரண்டும் ஒன்றுதான். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், வரியை முழுதாக ஒட்டித் தேடிப் பாருங்கள். இன்னொன்று: கிடைத்த ஹாஷ் இ3பி0சி442 என்று தொடங்கினால் உங்கள் கையில் இருப்பது உள்ளே எதுவுமே இல்லாத காலிக் கோப்பு. பூஜ்ஜியம் பைட்டுக்கு வரும் ஷா-256 அது. ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

எம்டி5 என்ற பழைய முறை ஹாஷ் மட்டும் கொடுத்திருந்தால் அதை டவுன்லோட் சரியாக முடிந்ததா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்புக்கு நம்ப வேண்டாம். ஒரே எம்டி5 வரும்படி இரண்டு வெவ்வேறு தரவுகளை உருவாக்கலாம் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து, ஷா-256-க்கு முந்தைய முறையான ஷா-1-க்கும் அதே கதியைக் காட்டின.

இப்போது அந்த மிச்சப் பாதி. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்தார்கள். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் வழியாக நுழைந்து, 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோட் இணைப்பை பல்கேரியாவில் இருந்த ஒரு சர்வருக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே இருந்தது, வெளியாள் ரகசியமாக நுழையப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓ. மறுநாள் திட்டத்தின் தலைவர் கிளமென்ட் லெஃபேவ்ர் எச்சரிக்கை வெளியிட்டார். அந்த ஐஎஸ்ஓவை ஏற்கெனவே டிவிடியில் எழுதிவிட்டவர்கள், வார் கோப்புறைக்குள் உள்ள லிப்பில் மேன்.சிஒய் என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தால் அது நச்சு வைத்த பிரதி. பக்கத்தில் இருந்த செக்சம்மையும் மாற்றியிருந்ததாக ஊடுருவியவனே பின்னர் ஒரு செய்தித்தளத்திடம் சொன்னான். இணைப்பை மாற்றும் அளவுக்கு உள்ளே போனவனுக்கு, அதே பக்கத்தில் இருக்கும் அந்த எண்ணை மாற்றுவது பெரிய காரியமா? பால்காரரிடமே பாலில் தண்ணீர் உண்டா என்று கேட்கிற கதைதான்.

இதற்குத்தான் டிஜிட்டல் கையொப்பம். மென்பொருளை உருவாக்கியவர் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறார். அதைச் சரிபார்க்க அவர் எல்லோருக்கும் தரும் பொதுச் சாவி போதும். ரகசியச் சாவி இணையதள சர்வரில் இல்லாதவரை, தளத்தைப் பிடித்தவனால் அந்தக் கையொப்பத்தைப் போட முடியாது. லினக்ஸ் ஐஎஸ்ஓக்களில் வழக்கமாக ஹாஷ் பட்டியலுக்குத்தான் கையொப்பம் இருக்கும். ஆகவே முதலில் ஜிபிஜி என்ற கையொப்பம் சரிபார்க்கும் கருவியைக் கொண்டு பட்டியலைச் சரிபார்க்க வேண்டும், அப்புறம் அந்தப் பட்டியலோடு ஐஎஸ்ஓவை. முதல் படியோடு நிறுத்திவிட்டால் ஐஎஸ்ஓவை நீங்கள் பார்க்கவே இல்லை என்று பொருள். இந்தத் தவறை அனுபவசாலிகளே செய்யக் கண்டிருக்கிறேன்.

ஜிபிஜி "குட் சிக்னேச்சர்" என்று சொல்லிவிட்டு, கீழேயே இந்தச் சாவிக்கு நம்பகமான சான்று இல்லை என்று ஓர் எச்சரிக்கையும் போடும். சிலர் பயந்து நிறுத்திவிடுவார்கள், பலர் கண்டுகொள்ளாமல் போவார்கள். அது சொல்வது இவ்வளவுதான்: கணக்கு சரி, ஆனால் இந்தச் சாவி யாருடையது என்று எனக்குத் தெரியாது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் மின்னஞ்சலிலும் ஒரு சாவியை உருவாக்கிவிடலாம். அதனால் சாவியின் அடையாளமான 40 எழுத்து ஃபிங்கர்பிரின்டை வேறு இடத்தில் சரிபார்க்க வேண்டும்: உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய பதிப்பில், திட்டத்தின் வேறொரு தளத்தில், முன்பே அதைப் பயன்படுத்தும் நண்பரிடம். ஒருமுறை செய்தால் போதும். அந்தச் சாவி கணினியில் இருக்கும், திட்டக்காரர்கள் சாவியை மாற்றாதவரை அடுத்த பதிப்புகளுக்கும் உதவும்.

விண்டோஸில் இவ்வளவு பாடு இல்லை. கோப்பின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். அங்கே நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். கோப்பில் யாராவது கைவைத்திருந்தாலும் பெயர் அப்படியே தெரியும். டீடெய்ல்ஸை அழுத்தினால்தான் கையொப்பம் செல்லுமா செல்லாதா என்று காட்டும். கைபேசியில் வேறு கதை. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புக்கும் (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) கையொப்பம் இருக்கும், ஏனென்றால் கையொப்பம் இல்லாமல் ஆண்ட்ராய்டு எதையுமே நிறுவாது. அந்தக் கையொப்பத்தைத் தானே உருவாக்கிக்கொள்ள மோசடிக்காரனுக்கும் தடை இல்லை. அந்தக் கோப்பை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், அழித்துவிடுங்கள்.

கையொப்பம் சரியாக இருந்தும் ஏமாந்த கதையும் உண்டு. 2017 ஆகஸ்ட் 15 அன்று வெளியான, கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பின் 32-பிட் கோப்பில் தீநிரல் இருந்தது. அது தயாரிப்பு நிலையிலேயே உள்ளே நுழைந்துவிட்டதால், நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பத்தோடு, அதிகாரப்பூர்வ சர்வரிலிருந்தே போனது. நிறுவனத்தின் கணக்குப்படியே சுமார் 22.7 லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாச் சோதனையிலும் அந்தக் கோப்பு பாஸ் ஆகியிருக்கும். செப்டம்பர் 18 அன்று சிஸ்கோ நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான டேலோஸ் விவரத்தை வெளியிட்டபோது அந்த நச்சுக் கோப்புகளின் ஹாஷ்களையும் கொடுத்தது. எந்தக் கணினியில் எந்தக் கோப்பு, என்ன ஹாஷ், எந்தத் தேதி என்று ஒரு எக்செல் தாளிலாவது குறித்து வைத்திருந்த நிர்வாகிகளுக்கு அன்று வேலை எளிது. பட்டியலில் தேடி, மாட்டிய கணினிகளின் நெட்வொர்க் கேபிளை முதல் வேலையாக உருவிவிடலாம்.