கயிற்றைச் சாய்த்துப் பிடித்தால்: எல்லாப் பிள்ளைகளும் ஆடும் பி.டி. பீரியட்

பத்து மீட்டர் நீளத்தில் ஒரு கயிறு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொள்ள, ஏழாம் வகுப்பு வரிசையாக வந்து தாண்டுகிறது. சுற்றுக்குச் சுற்று கயிறு கொஞ்சம் ஏறும். காலில் தட்டியவர் அவுட். மரத்தடியில் போய் உட்கார வேண்டியதுதான். நாலு சுற்று முடிவதற்குள் களத்தில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். கைதட்டலும் கூச்சலுமாகப் பீரியட் களைகட்டியது போலத் தெரியும். ஆனால் யார் எத்தனை முறை தாண்டினார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கதை தலைகீழ். ஏற்கெனவே தாண்டத் தெரிந்தவனுக்கு ஐந்தாறு முறை பயிற்சி கிடைத்தது. பயிற்சி தேவைப்பட்டவளுக்கு ஒரே முறை.

அதே கயிற்றின் ஒரு முனையைத் தரைக்கு 20 செ.மீ. மேலேயும் மறுமுனையை 90 செ.மீ. உயரத்திலும் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது எங்கே தாண்டுவது என்பதைத் தாண்டுகிறவரே முடிவு செய்கிறார். யாரும் அவுட் இல்லை, யாரும் உட்காரவில்லை, எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை. அமெரிக்க உடற்கல்வியாளர் மஸ்கா மாஸ்டன் 1960களில் முன்வைத்த உத்தி இது. எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே இழுக்கும் பாடத்திட்டம் என்று பக்கம் பக்கமாக எழுதப்படுவதன் சாரம் இந்தச் சாய்ந்த கயிற்றில் அடங்கிவிடும். ஒரே வேலை, பல உயரங்கள், தேர்வு பிள்ளையின் கையில்.

செய்யும்போது சில இடங்களில் சறுக்கும். கயிற்றை எதிலும் கட்டக் கூடாது, விரலில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. இரண்டு விரல் நுனியில் பிடித்தால்தான் கால் பட்டதும் நழுவி விழும். இறுகப் பிடித்த கயிறு ஆளையே கவிழ்த்துவிடும். இறங்கும் இடம் மணலாகவோ கொத்திவிட்ட மண்ணாகவோ இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே பக்கத்திலிருந்துதான் ஓடி வர வேண்டும், இல்லையென்றால் நடுவில் மோதிக்கொள்வார்கள். பத்துப் பேர் தாண்டியதும் கயிறு பிடிப்பவர்கள் மாற வேண்டும். அவர்களும் ஆடத்தான் வந்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. கூச்சப்படுகிறவர்கள் எல்லாரும் தாழ்ந்த முனையிலேயே ஒண்டிக்கொள்வார்கள். வீம்புக்காரர்கள் உயர்ந்த முனையிலேயே தட்டித் தட்டி விழுவார்கள். இதற்கு ஒரு விதி போதும். ஐந்து முறை தாண்டு. ஐந்தும் சரியாக வந்தால் ஓரடி மேல்முனைப் பக்கம் போ. மூன்றோ நாலோ வந்தால் அங்கேயே நில். இரண்டும் அதற்குக் கீழும் என்றால் ஓரடி கீழே வா. எப்போதும் ஜெயிக்கிற வேலை சலித்துப்போகும், எப்போதும் தோற்கிற வேலை வெறுத்துப்போகும். கற்றல் நடப்பது இடைப்பட்ட இடத்தில்.

கயிறு என்பது ஓர் உதாரணம்தான். வாலிபால் வலைக்குப் பதிலாக அதையே 1.5 மீட்டரிலிருந்து 2.2 மீட்டர் வரை சாய்த்துக் கட்டலாம் (இங்கே கட்டலாம், யாரும் தாண்டப் போவதில்லை). பந்தெறியும் பயிற்சியில் சுண்ணாம்பால் 2, 3, 4, 5 மீட்டரில் கோடு போட்டுவிட்டு, எந்தக் கோட்டில் நிற்பது என்பதை எறிகிறவரிடமே விட்டுவிடலாம்.

அடுத்து வரிசை. பெரும்பாலான பி.டி. பீரியட் வரிசையில்தான் கரைகிறது. கணக்கு ஆசிரியர் கடன் வாங்காமல் விட்டுவைத்த 40 நிமிடத்தில், மைதானத்துக்கு வந்து சேர்வது, வருகைப் பதிவு, உடம்பைச் சூடாக்குவது, விளக்கம், திரும்பிப் போவது எல்லாம் கழித்தால் உருப்படியாக 20 நிமிடம் தேறும். அதாவது 1200 வினாடி. வகுப்பில் 45 பேர், கையில் ஒரே கூடைப்பந்து. ஒருவர் பந்தை வாங்கி, தட்டிக்கொண்டு போய், எறிந்து, அடுத்தவரிடம் கொடுக்க 8 வினாடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 150 எறி, தலைக்கு மூன்று. ஒரு முறை எறிந்துவிட்டு மறுமுறைக்கு 6 நிமிடம் நிற்க வேண்டும். அந்த 6 நிமிடத்தில் பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவன் சட்டையை இழுப்பான், சண்டை வரும், ஒழுங்கில்லாத வகுப்பு என்று பெயர் வாங்குவார்கள். அதே 45 பேரை ஐந்து ஐந்து பேராக ஒன்பது வரிசையில் நிறுத்தினால் ஒருவரின் முறை 40 வினாடிக்கு ஒருதரம் வரும், 20 நிமிடத்தில் 30 தடவை. மூன்றுக்கும் முப்பதுக்கும் நடுவில் ஆசிரியரின் திறமை மாறவில்லை, பிள்ளைகளின் ஆர்வம் மாறவில்லை. வரிசையின் நீளம் ஒன்றுதான் மாறியது.

ஒன்பது பந்துக்கு எங்கே போவது? அதுவும் ஒன்பது கூடைப்பந்து வளையத்துக்கு? போகவே வேண்டாம். சுவரில் கரியால் போட்ட வட்டமும் இலக்குதான், தரையில் கிடக்கும் பழைய சைக்கிள் டயரும் இலக்குதான். காற்றுப் போன கால்பந்து, ரப்பர் பந்து, துணிப்பந்து எல்லாமே பந்துதான். துணிப்பந்துக்குத் தையற்கடைத் துண்டுத்துணியை ஒரு பழைய காலுறைக்குள் இறுக்கித் திணித்து, வாயைத் தைத்து, மேலே இன்னொரு காலுறையைப் போர்த்தினால் முடிந்தது. மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் எல்லைக் கம்பமாகிவிடும். கால்பங்கு மணல் போதும்; காலியாக விட்டால் காற்றில் உருளும், முழுக்க நிரப்பினால் இடறியவரின் கால்விரலைப் பெயர்க்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுச் சாமான் தரப்பட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வந்து சேரும்வரை காலுறைப் பந்து.

துணிப்பந்தில் சிக்கனத்தைத் தாண்டி ஒரு விஞ்ஞானமும் உண்டு. பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளையை உற்றுப் பாருங்கள். பந்து அருகில் வரும்போது முகம் பக்கவாட்டில் திரும்பும், கண் மூடிக்கொள்ளும், கை விறைத்து நிற்கும். அது சோம்பல் இல்லை, வலிக்கு எதிரான தற்காப்பு. ஆறு மீட்டர் தூரத்திலிருந்து வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் எறிந்த டென்னிஸ் பந்து அரை வினாடியில் வந்து சேர்கிறது. பந்து எங்கே வருகிறது என்று கண்டு கையை அசைக்கத் தொடங்கவே சிறு பிள்ளைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வினாடி ஆகும். மிச்ச நேரத்தில் கை போய்ச் சேராது. பந்து மூக்கில் படும். நாலு முறை பட்டால் ஐந்தாம் முறை கண் தானாக மூடிக்கொள்ளும். கண் மூடியபின் பழக்கம் வருவதெப்படி? பலூன் இரண்டு வினாடி மிதந்து வரும். அதில் தொடங்கி, துணிப்பந்து, பிறகு காற்றுக் குறைந்த ரப்பர் பந்து, கடைசியில் டென்னிஸ் பந்து என்று போனால் கண் திறந்தே இருக்கும். துணிப்பந்து எகிறி ஓடாது என்பதால் தவறவிட்டதைத் துரத்திக்கொண்டு மைதானம் சுற்றும் நேரமும் மிச்சம்.

ஆட்டங்களுக்கு வருவோம். கோ-கோவின் முழு வடிவத்தில் ஒரு நேரத்தில் துரத்தும் அணி ஒன்பது பேர், ஓடுபவர்கள் மூன்று பேர். பன்னிரண்டு பேர் போக 33 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நாலு பேர் உட்கார, ஒருவர் துரத்த, இருவர் ஓட என்று ஏழு பேர் ஆட்டமாகச் சுருக்குங்கள். ஆறு களத்தில் 42 பேர், மிச்சம் மூன்று பேர் புள்ளி எழுதுவார்கள். உட்காருபவர்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் 14 மீட்டர் நீளம் தாராளம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்து இடம் மாற்றிவிடலாம். மைதானம் சின்னதென்றால் நாலு களம் போட்டு, மற்றவர்களைச் சாய்ந்த கயிற்றுக்கு அனுப்பிப் பாதி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

கபடியில் சிலர் ஒதுங்குவதற்குக் காரணம் கட்டிப்பிடிப்பதும் விழுவதும். அதற்கு முன்படியாக வால் பறிக்கும் ஆட்டம். 40 செ.மீ. நீளத் துணிப்பட்டை ஒன்றை இடுப்பில் செருகி, 30 செ.மீ. வெளியே தொங்கவிட வேண்டும். மூன்றுக்கு மூன்று பேர். பாடிப் போகிறவர் எதிரணியினரைத் தொடுவதற்குப் பதிலாக வாலைப் பறிக்கப் பார்ப்பார், அவர்களும் அவர் வாலைப் பறிக்கப் பார்ப்பார்கள். வால் போனவர் வெளியேறுவதில்லை. ஓரத்துப் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துச் செருகிக்கொண்டு திரும்பிவிடுவார். ஏய்ப்பது, பின்வாங்குவது, கூட்டாக வளைப்பது என்று கபடியின் மூளை முழுக்க இதில் இருக்கிறது, சிராய்ப்பு மட்டும் இல்லை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பங்கர், ராட் தார்ப் இருவரும் 1982இல் முன்வைத்த வழி இதுதான்: நுட்பத்தை முதலில் தனியாகத் திணிக்காமல், சுருக்கிய ஆட்டத்தைக் கொடு, எங்கே ஓடுவது எப்போது எறிவது என்பது விளங்கட்டும், நுட்பத்தின் தேவையைப் பிள்ளையே உணரும்போது அதைக் கற்றுக்கொடு. மாதக்கணக்கில் டிரிபிளிங் (பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது) பழகிவிட்டு ஆட்டத்தில் திருதிருவென்று நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் சொல்லாமலே புரியும்.

ஆண்டுத் திட்டம் போடும்போது ஆட்டங்களைத் தனித்தனியாக அடுக்காமல் குடும்பமாகச் சேர்ப்பது நல்லது. துரத்தும் ஆட்டங்கள் ஒரு குடும்பம்; வலைக்கு இருபுறம் ஆடும் வளையப்பந்து, எறிபந்து, பூப்பந்து, வாலிபால் இன்னொன்று; எதிரணி எல்லைக்குள் புகும் கால்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி மூன்றாவது; மட்டையால் அடித்து ஓடுவது நாலாவது. வலைக்கு அப்பால் காலி இடம் பார்த்துப் போடுவதை வளையப்பந்தில் கற்றவருக்கு அது வாலிபாலில் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். வாரம் இரண்டு பீரியட் என்றால் ஒரு குடும்பத்துக்கு எட்டுப் பத்துப் பீரியடாவது வேண்டும். இரண்டே பீரியடில் ஆட்டம் மாறினால் ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் ஆடுவார்கள். ஐந்தாம் வகுப்பு வரை இந்தக் குடும்பங்களே தேவையில்லை. எறிதல், பிடித்தல், உதைத்தல், நொண்டுதல், தாண்டுதல், சமநிலை இவை போதும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எதை ஆடுவது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்.

வெட்கம் ஒரு தனிப் பாடம். கேப்டன் இருவரை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்வதை இன்றோடு விட்டுவிடலாம். கடைசியாக மிஞ்சும் பிள்ளை யார் என்பது வகுப்புக்கே தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டக் குழுவை ஆசிரியரே முந்தின நாள் தாளில் எழுதிவந்தால் இரண்டு நிமிடமும் மிச்சம். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லித் தண்டிப்பதும் அப்படித்தான். ஓட்டம் என்றாலே தண்டனை என்று உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் நாலாம் வகுப்பிலிருந்து 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை இருக்கிறது. அது சோதனையாக இருக்கட்டும், பாடமாக வேண்டாம். தூரத்தை நிர்ணயித்தால் கடைசிப் பிள்ளை எல்லார் கண்ணுக்கும் முன்னால் தனியாக ஓடி முடிக்க வேண்டிவரும். நேரத்தை நிர்ணயித்தால், உதாரணமாக 6 நிமிடம் என்றால், விசில் அடித்ததும் எல்லாரும் ஒன்றாகவே நிற்பார்கள். அவரவர் எத்தனை சுற்று வந்தோம் என்று குறித்துக்கொண்டால் அடுத்த மாதம் தன் எண்ணோடு தானே போட்டி.

11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் தினம் ஒரு மணி நேர உடலியக்கம் இல்லாதவர்கள் உலக அளவில் 81 விழுக்காடு என்று 2016ஆம் ஆண்டுத் தரவுகள் காட்டின. சிறுவர்களில் 78, சிறுமிகளில் 85. இந்த வயதில்தான் உடம்பும் மாறுகிறது. பெண் குழந்தைகள் பொதுவாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண் குழந்தைகள் பதினாலை ஒட்டியும் விறுவிறுவென வளர்கிறார்கள். ஒரே ஏழாம் வகுப்பில் பாதி உடம்பு ஒரு கட்டத்திலும் மீதி வேறு கட்டத்திலும் இருக்கும். திடீரென நீண்ட கைகாலுக்கு மூளையின் பழைய கணக்கு கொஞ்ச காலம் ஒத்துவராது. போன வருடம் நன்றாக ஓடியவள் இந்த வருடம் தடுமாறுவாள். மாதவிடாய் நாளில் ஆடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, ஆனால் ஆடத்தான் வேண்டும் என்று நிர்ப்பந்திக்கவும் காரணம் இல்லை. காரணம் கேட்காமல், முழு ஆட்டம், நடை, நடுவர் வேலை மூன்றில் ஒன்றை யாரும் எந்த நாளும் எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பொதுவிதியாக்கிவிட்டால் எந்தப் பெண்ணும் எதையும் விளக்க வேண்டியதில்லை. துப்பட்டாவைக் குறுக்கே கட்டி ஊக்கு குத்த ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். ஊக்கு ஆசிரியரிடமே இருக்கட்டும்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை ஆட, பந்தைச் சரசரக்கும் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பட்டையால் கட்டினால் உருளும் திசை காதுக்குத் தெரியும். அந்தக் களத்தில் மற்றவர்கள் கத்தாமல் இருக்க வேண்டும், மறந்துபோவது இதைத்தான். செவித்திறன் குறைந்தவருக்கு விசிலோடு கைக்கொடியும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பலூன் வாலிபால், ஆனால் சிமென்ட் தளத்தில். மணலில் சக்கரம் புதையும்.

இதெல்லாம் பலிக்கிறதா என்று அறியக் கைக்கடிகாரமும் பென்சிலும் போதும். பீரியட் நேரத்தில் பாதியாவது பிள்ளைகள் மிதமான வேகத்திலோ அதற்கு மேலோ அசைய வேண்டும் என்பது அமெரிக்க உடற்கல்வி அமைப்புகளின் இலக்கு. மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள்: நன்றாக ஆடுபவர், சுமாராக ஆடுபவர், ஒதுங்குபவர். அவர்களுக்குச் சொல்லக் கூடாது. சக ஆசிரியர் ஒருவர் முதல் பிள்ளையை 10 வினாடி பார்த்து, அடுத்த 10 வினாடியில் படுத்தல், உட்காருதல், நிற்றல், நடத்தல், ஓடியாடுதல் ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பிறகு இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை, மறுபடி முதல். அமெரிக்க ஆய்வாளர் மெக்கன்சியும் சகாக்களும் 1991இல் வெளியிட்ட முறையின் எளிய வடிவம் இது. 20 நிமிடத்தில் பிள்ளைக்கு 20 குறிப்பு கிடைக்கும். நடத்தலும் ஓடியாடுதலும் சேர்ந்து குறைந்தது பத்து வர வேண்டும்.

மூவருக்குமே பத்துக்குக் கீழ் என்றால் ஆசிரியர் அதிகம் பேசுகிறார். விளக்கத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்து, மிச்சத்தை ஆட்டத்துக்கு நடுவே சொல்லலாம். முதல் பிள்ளைக்குப் பதினாறும் மூன்றாம் பிள்ளைக்கு ஐந்தும் வந்தால் களம் பெரிது, பந்து குறைவு, அல்லது எங்கோ ஓர் அவுட் விதி ஒளிந்திருக்கிறது. மூன்றாம் பிள்ளையின் குறிப்பில் நடத்தலே நிறைந்து ஓடியாடுதல் ஒன்றுகூட இல்லையென்றால் அவள் ஆட்டத்தில் இருப்பது போலக் காட்டிக்கொண்டு பந்து வராத ஓரமாகப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்கிறாள். அந்தக் களத்தில் ஆளைக் குறைத்து மூன்றுக்கு மூன்றாக்கிவிட்டு, அடுத்த வாரம் அதே மூவரை மறுபடி எண்ணிப் பாருங்கள்.